வழிமொழிய ஆளில்லை

கிராண்ட் ஃபோர்க்ஸ், வட டகோட்டா
செப்டம்பர் 12, 1971

அன்புள்ள அண்ணனுக்கு ஆர்டிஸ் எழுதுவது.

இங்கே நானும் மைலோவும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தைத் தடவுகிறாயா, இல்லை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

இதை எங்கள் தேவாலயத்து எல்லன் அம்மாள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் மகளைப் பார்க்க டெ மாய்ன் போகிறாள், வழியில் உன் வீட்டில் கொடுத்துவிடுவாள். தபாலில் போடப் பயம். லேலண்டுக்கு ஜூன் மாதம் ராணுவ அழைப்பு வந்தது. அவன் போகவில்லை. எல்லையைத் தாண்டி கனடாவில் வினிபெக் போய்விட்டான். அங்கே ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. வியட்நாமுக்குப் போய் யாரையும் சுட என்னால் முடியாதம்மா என்றான். நான் வேறென்ன சொல்ல? சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

அவன் அப்பா மைலோவைப் பற்றி உனக்கே தெரியும். போன உலகப் போரில் இத்தாலியில் குண்டடி பட்டுத் திரும்பியவர். "அந்தப் பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அரசாங்கத்தின் புலனாய்வு ஆட்கள் இரண்டு தடவை வந்து அந்தப் பேரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் போனதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எனக்கு இப்போது தபால்காரர்மீதும் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரிமீதும் சந்தேகம். அவன் வீட்டுக்கு வந்தால் கையில் விலங்குதான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜனாதிபதி ஆகவேண்டும் என்று கிளம்புகிற அத்தனை பேரும் உங்கள் அயோவாவுக்கு வந்துதான் கை குலுக்குகிறார்கள். போரை நிறுத்துவேன் என்று சொல்கிறாரே செனட்டர் ரீவ், அவர் வந்தால் கேள்: நீங்கள் ஜெயித்தால் எல்லை தாண்டிப் போன பிள்ளைகள் வீடு திரும்ப முடியுமா?

பதிலை எல்லன் வீட்டு விலாசத்துக்குப் போடு. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள், அதனால் அவன் பேரை எழுதாதே.

உன் தங்கை
ஆர்டிஸ்

*

ஸ்டென்வில், அயோவா
அக்டோபர் 3, 1971

அன்புள்ள ஆர்டிஸ்,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முழங்கால் பரவாயில்லை. மருந்து ஜன்னலில்தான் இருக்கிறது. நீ இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தெரியவில்லை.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய்க் கதவைத் தாளிட்டேன். பட்டப்பகலில் எதற்குத் தாளிட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

கேள்வியைக் கேட்கிறேன். கேட்பேன் என்றுதான் நினைக்கிறேன். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று லத்தீன் நடத்தினாலும், பெரியவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கேள்வியை எழுதி மனப்பாடம் செய்து வருகிறேன்.

நாங்கள் சனிக்கிழமைதோறும் நீதிமன்ற மூலையில் போர் வேண்டாம் என்ற அட்டைகளோடு நிற்பது உனக்குத் தெரியும். இர்மா ஹோவ்லாண்ட் அம்மாள்தான் தலைமை. போன மாதத்திலிருந்து புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். பெயர் டெல்மர் ப்ரூயிட். இல்லினாயிலிருந்து வந்தவர், விதை வியாபாரம் என்கிறார். அவரை எனக்குப் பிடிபடவில்லை. அட்டையை அவரே தூக்குகிறார், காப்பிப் பாத்திரத்தை அவரே கழுவுகிறார். விதை வியாபாரியின் காலணியில் ஒரு துளி மண் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "உங்களுக்குப் பையன் உண்டா? என்ன வயசு?" போருக்கு எதிரான கூட்டங்களில் ஆள் வைத்து வேவு பார்க்கிறார்கள் என்று செய்தித்தாள்களில் வருகிறதே, படித்திருப்பாய்.

நான் அபாண்டமாக நினைக்கிறேனோ என்னவோ. ஆனாலும் அவர் பேசுவதை நன்றாகக் கவனித்து, வீட்டுக்கு வந்து எழுதி வைத்துக்கொள்கிறேன். எல்லார் பேசுவதையும்தான் எழுதுகிறேன், அவருடையதை மட்டும் எழுதினால் நியாயமில்லை என்பதால்.

சோளம் அறுவடை முடியப்போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஓரின்

*

கிராண்ட் ஃபோர்க்ஸ்
அக்டோபர் 24, 1971

அண்ணா,

நலம்தான். மைலோவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

புலனாய்வு ஆள் மறுபடி வந்தார். அவனுடைய புகைப்படம் கேட்டார். இல்லை என்றேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது, அவரும் அதைப் பார்த்தார். வாசலில் மைலோவிடம் ஏதோ தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். இருட்டிய பிறகுதான் வருகிறார். கேட்டால் தானியக் களஞ்சியத்தில் வேலை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை களஞ்சியம் பூட்டியிருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

செனட்டர் வந்தாரா?

ஆர்டிஸ்

*

ஸ்டென்வில்
நவம்பர் 14, 1971

அன்புள்ள ஆர்டிஸ்,

மாப்பிள்ளையின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? வெங்காயம் கூடச் சேர்த்தால் உப்பு குறைவது தெரியாது என்று எங்கோ படித்தேன்.

செனட்டர் ரீவ் வந்தார். லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் கூட்டம். நல்ல உயரம், நல்ல குரல். பன்றி இறைச்சி சாண்ட்விச்சை நின்றுகொண்டே சாப்பிட்டு, பரிமாறிய ஒவ்வொரு பெண்மணியின் பெயரையும் கேட்டுத் திரும்பச் சொன்னார். பதவியேற்ற கையோடு நம் படைகளைத் திருப்பி அழைப்பேன் என்றபோது கூடமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். நின்றிருக்கும்போதே கேட்டுவிட்டால் மறுபடி எழுந்திருக்கத் தேவையில்லை என்று தோன்றியது. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அப்படியே நின்றேன்.

மனப்பாடம் செய்த வாக்கியம் பாதியில் மறந்துவிட்டது. ஆனால் கேட்டேன். நீ கேட்டதைத்தான் கேட்டேன், யாருக்காக என்று சொல்லாமல்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஐயா, இது ரொம்ப வலிக்கிற கேள்வி. எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க. ஒவ்வொரு தாயோட கண்ணீரும் எனக்குத் தெரியும். காயம் ஆறணும்னா முதல்ல ரத்தம் நிக்கணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தெருவுக்கு வந்து அவர் சொன்னதை எழுதிப் பார்த்தபோதுதான், அதில் ஆம் என்ற சொல்லும் இல்லை, இல்லை என்ற சொல்லும் இல்லை என்பது தெரிந்தது. நாற்பது வருஷம் வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் சொன்னவன் நான். இந்தச் சொற்பொழிவில் பிரிக்க ஒன்றுமே இல்லை.

அவருடன் வாஷிங்டனிலிருந்து கல்லன் என்ற வக்கீல் வந்திருந்தார். என்னிடம் வந்து பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. நான் கேள்வி கேட்டபோது கூடம் முழுக்க செனட்டரைப் பார்த்தது, ப்ரூயிட் மட்டும் என்னைப் பார்த்தார். மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "நேத்து நல்லா கேட்டீங்க சார். உங்க சொந்தத்துல யாராவது அந்தப் பக்கம் போயிருக்காங்களா?" என்றார். பொதுவாகத்தான் கேட்டேன் என்றேன். "பொதுவாவா" என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். காப்பி கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டார்.

ஜனவரியில் நடக்கும் கட்சிக் கூட்டங்களைப் பற்றி இர்மா அம்மாள் ஒரு விவரம் சொன்னார். அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டில் கூடி, யாருக்கு யார் ஆதரவு என்று மூலைக்கு ஒரு கூட்டமாக நிற்பது மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். அங்கே நிறைவேறினால் மாவட்ட மாநாட்டுக்குப் போகும். அங்கிருந்து மாநிலம், பிறகு கட்சியின் கொள்கை அறிக்கை வரைக்கும். ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், அவ்வளவுதான். ஜெயிக்கிறவரை வாயால் சொல்ல வைக்க முடியாவிட்டால் தாளில் எழுதிக் கட்டிப்போடலாம் அல்லவா? செய்யட்டுமா? உன் சம்மதம் வேண்டும்.

ஓரின்

*

கிராண்ட் ஃபோர்க்ஸ்
டிசம்பர் 5, 1971

அண்ணா,

கொண்டு வா. ஆனால் காரணம் சொல்லாதே. யாருக்காக என்று கேட்டால் யாருக்காகவும் இல்லை என்று சொல். அந்த ப்ரூயிட் இருக்கிற இடத்தில் நம் குடும்பத்தைப் பற்றி மூச்சு விடாதே.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மைலோவின் கோட்டைத் துவைக்க எடுத்தபோது உள்பையில் ஒரு அட்டை இருந்தது. அந்தப் புலனாய்வு ஆளின் பெயர், தொலைபேசி எண். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் இவர் ஒளித்தது எதுவுமில்லை. ஒளிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இந்த ஞாயிறும் போனார். வந்ததும் கையைக் கழுவினார், வானொலியைப் போட்டுக்கொண்டார்.

பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பாரா? நீ படித்தவன், நீ சொல்.

ஆர்டிஸ்

*

ஸ்டென்வில்
ஜனவரி 2, 1972

அன்புள்ள ஆர்டிஸ்,

புது வருஷம் உங்கள் எல்லாருக்கும் நல்லபடியாக அமைய வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை அனுப்பியிருந்தேன், உன்னிடமிருந்து வரவில்லை. எந்த வருஷமும் இப்படி ஆனதில்லை. பனியால் தபால் தாமதமாக இருக்கலாம்.

கோட்டில் இருந்த அந்தப் புலனாய்வு ஆளின் அட்டையை வைத்து மைலோவைச் சந்தேகப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தைரியம் வரவில்லை. அவர் நேர்மையான மனிதர். அதுதான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. சட்டம் என்று ஒன்று இருந்தால் அதன்படி நடக்க வேண்டும் என்று நினைப்பவர், தன் வீட்டுக்கு மட்டும் வேறு கணக்கு வைப்பாரா? எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நான் சொல்வது தவறாக இருக்கலாம். தவறாக இருக்க வேண்டும்.

இங்கேயும் காற்று மாறியிருக்கிறது. கூட்டத்தில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. போன சனிக்கிழமை அட்டையைப் பிடித்துக்கொண்டு இர்மா அம்மாள் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் நகர்ந்து மறுபக்கம் போய் நின்றுகொண்டார். என் கோட்டில் கற்பூர உருண்டை வாசனை அடிக்கிறதோ என்று வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தேன். அது காரணமாக இருக்காது. ப்ரூயிட் என்னைப் பற்றி ஏதோ சொல்லிவைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். குழுவைப் பிரிப்பதுதான் இப்படிப்பட்ட ஆட்களின் வேலை என்று படித்திருக்கிறேன்.

தீர்மானத்தை எழுதிவிட்டேன். ஒரே வாக்கியம். அடித்து அடித்துக் கடைசியில் முதலில் எழுதியதே நின்றது.

ஒரு வரியாவது எழுது.

ஓரின்

*

ஸ்டென்வில்
ஜனவரி 29, 1972

அன்புள்ள ஆர்டிஸ்,

நீ நலமா? என் முந்தைய கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபமாக இருந்தால் அதையாவது எழுது. இருந்தாலும் நடந்ததைச் சொல்லவேண்டியது என் கடமை.

திங்கள்கிழமை கூட்டம் இர்மா அம்மாள் வீட்டில் நடந்தது. வெளியே பனி முழங்கால் அளவு. ஆனாலும் வீடு நிறைந்துவிட்டது. கோட்டுகளைப் படுக்கையில் மலையாகக் குவித்திருந்தார்கள். செனட்டர் ரீவின் ஆட்கள் பியானோ பக்கம், மற்றவர்கள் சாப்பாட்டு மேஜைப் பக்கம், முடிவு செய்யாதவர்கள் மாடிப்படியில். நான் படியருகே தயங்குவதைப் பார்த்துவிட்டு, என்னிடம் படித்த கசாப்புக் கடைக்காரன் ஹார்லி, "சார், பரீட்சை நேரம். எங்களை எத்தனை தடவை இப்படி நிக்க வெச்சிருப்பீங்க? போய் நில்லுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பியானோ பக்கம் போனேன். அங்கே நின்றவர்கள் ஒதுங்கி எனக்குத் தாராளமாக இடம் விட்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே.

ஆதரவாளர்களை எண்ணி முடித்ததும், "தீர்மானம் ஏதாவது உண்டா?" என்று இர்மா அம்மாள் கேட்டார். எழுந்தேன். படித்தேன். "கட்டாய ராணுவச் சேர்ப்பை மறுத்து நாட்டை விட்டுப் போன இளைஞர்கள், வழக்கும் தண்டனையும் இல்லாமல் வீடு திரும்ப அரசு வழிசெய்ய வேண்டும்."

விளக்கம் உண்டா என்று கேட்டார். நீ சொன்னபடி, இல்லை என்றேன். யாரை மனதில் வைத்து என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

"வழிமொழிபவர்?"

நீதிமன்ற மூலையில் மாதக்கணக்கில் என்னோடு அட்டை பிடித்தவர்கள் அத்தனை பேரும் கம்பளத்தைப் பார்த்தார்கள். இர்மா அம்மாள் இன்னொரு தடவை கேட்டார். கேட்டுவிட்டு அவரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் விழுந்தது. அடுத்ததாக ஒரு விவசாயி பால் விலை பற்றிய தீர்மானம் கொண்டுவந்தார், அதற்கு நான்கு பேர் போட்டி போட்டுக்கொண்டு வழிமொழிந்தார்கள். என் கோட்டைக் குவியலிலிருந்து தேடி எடுப்பதற்குள் எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள்.

இது நடந்து இரண்டு நாள் கழித்து ப்ரூயிட் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க யாருக்கு வேலை பாக்குறீங்க?"

"நான் ஓய்வு பெற்ற ஆசிரியர்."

"அது ஊருக்கே தெரியும். இப்ப யாருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். கூட்டம் முடிந்ததும் யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று எழுதிக்கொள்கிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தானாம். செனட்டரிடம் அந்தக் கேள்வி கேட்டதும் நான்தான். சொந்தத்தில் யாருமில்லை என்கிறேன், காரணமும் இல்லை என்கிறேன், ஆனால் யாராவது வழிமொழிவார்களா என்று அறை முழுக்கப் பார்க்கிறேன். யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளத்தான் இந்தத் தீர்மானம் என்று குழுவில் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார்கள்.

ஆர்டிஸ், இத்தனை மாதம் நான் அவரை வேவுக்காரர் என்று நினைத்திருந்தேன். ஊரே என்னை நினைத்திருக்கிறது.

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, "எம் பையன் டொராண்டோல இருக்கான் சார். அன்னிக்கு வழிமொழியக் கை பாதி மேல வந்திருச்சு. நான்தான் கீழ இழுத்தேன்" என்றார். அவர் எல்லாரிடமும் பையன் உண்டா என்று கேட்டது, தன்னைப் போல இன்னொருவர் கிடைப்பாரா என்றுதான். இர்மா அம்மாளின் இளைய மகன் கலிஃபோர்னியாவில் படிக்கிறான் என்று நினைத்திருந்தோமே, அவன் மாண்ட்ரியாலில் இருக்கிறான். கம்பளத்தைப் பார்த்தவர்களில் இன்னும் யார் யாருக்கு இப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

உன்னைப் பற்றியும் அவனைப் பற்றியும் அவரிடம் சொல்ல வாய் துடித்தது. உனக்கு வாக்குக் கொடுத்ததால் சொல்லவில்லை. அவர் மனதைத் திறந்து வைத்துவிட்டுப் போனார், நான் வாயை மூடிக்கொண்டு வழியனுப்பினேன். திரும்பவும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார். அவர்மீது தப்பில்லை.

ஓரின்

*

ஸ்டென்வில்
பிப்ரவரி 8, 1972

ஆர்டிஸ்,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? எல்லன் அம்மாளுக்கும் தனியாக எழுதினேன், அவரும் பதில் போடவில்லை. ஏதேதோ நினைப்பு வருகிறது. அவற்றை எழுத வேண்டாம்.

என்மீது சந்தேகம் தீர்ந்ததோ இல்லையோ, ப்ரூயிட் விவரம் விசாரித்து வந்தார். மாத இறுதியில் மாவட்ட மாநாடு. விழுந்த தீர்மானத்தை அங்கே நேரடியாகக் கொண்டுவரலாம். ஆனால் மறுபடி காரணம் இல்லை, யாருக்காகவும் இல்லை என்று சொன்னால் மறுபடியும் எல்லாரும் தரையைத்தான் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். முன்மொழிகிறவன் நான், ஆகவே அது நானாக இருக்க வேண்டும்.

அவன் உன் பிள்ளை. உன் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்கு என்ன வரும் என்றும் எனக்குத் தெரியாது. மாநாட்டுக்குள் பதில் வராவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

ஓரின்

*

கிராண்ட் ஃபோர்க்ஸ்
பிப்ரவரி 17, 1972

மச்சானுக்கு மைலோ எழுதுவது.

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஸ் இங்கே இல்லை. வினிபெக்கில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பையனுக்குக் கடுமையான நிமோனியா. நான்தான் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ரொம்ப மோசமாக இருந்தான். இப்போது எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். கனடா தபால்தலை ஒட்டிய கடிதம் உங்கள் ஊருக்கு வந்தால் தபால் அலுவலகத்தில் பேச்சாகிவிடும் என்று அவள் எழுதவில்லை. உங்களுக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று எல்லன் அம்மாளிடம் சொன்னது நான். உங்கள் கடிதங்களை அந்த அம்மாள் நேற்றுத்தான் என்னிடம் கொடுத்தாள். படிக்கலாமா என்று யோசித்தேன். படித்தேன்.

என்னைப் பற்றி நீங்கள் இருவரும் என்ன நினைத்தீர்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்தப் புலனாய்வு ஆளின் அட்டையை எதற்கு வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனது அவன் வேலை செய்கிற கடைக்கு. முதல் மூன்று தடவை எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நான்காவது தடவை அவனே ஒரு ரொட்டியோடு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். சாப்பிட்டோம். பேசவில்லை. பேசினால் சண்டை வரும்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் அட்டைக் கூட்டம் எனக்குப் பிடிக்காது. நாடு கூப்பிட்டால் போக வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். அவன் செய்தது தப்பு. அதற்காக என் சாவுக்குக்கூட அவன் வரக்கூடாதா என்று கேட்டால், அந்த அளவுக்குத் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

பெயரைச் சொல்லுங்கள். அரசாங்கத்துக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை, ஊருக்குத்தான் தெரியாது. களஞ்சியத்தில் என் வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது என் பாடு. முழுப் பெயராகச் சொல்லுங்கள். லேலண்ட் மைலோ க்வாம். நடுப் பெயரை விட்டுவிடாதீர்கள்.

மைலோ க்வாம்

*

ஸ்டென்வில்
பிப்ரவரி 27, 1972

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். லேலண்ட் தேறிவருவது அறிந்து மனம் நிம்மதியானது. ஆர்டிஸைப் பார்க்கப் போகும்போது இந்தக் கடிதத்தையும் கொண்டுபோங்கள். உங்களைப் பற்றி ஜனவரியில் எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வெட்கப்படுகிறேன்.

மாநாடு நேற்று, நான் வேலை பார்த்த பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் தீர்மானத் தாளைப் பார்த்துப் படிக்கத் தோன்றவில்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டு வெறுமனே சொன்னேன். "இது என் தங்கை மகனுக்காக. பெயர் லேலண்ட் மைலோ க்வாம். வினிபெக்கில் இருக்கிறான். அவன் வீட்டுக்கு வர வேண்டும்."

"துரோகிப் பய" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். முன்னாள் படைவீரர்கள் போடும் தொப்பி போட்டிருந்தார். அவர் பக்கம் திரும்பி, இந்தப் பையனின் அப்பாவும் இத்தாலியில் போரிட்டவர், அவர் சொல்லித்தான் பெயரைச் சொல்கிறேன் என்றேன். வாக்கெடுப்பில் அவர் எதிராகத்தான் எழுந்து நின்றார்.

வழிமொழிபவர் யார் என்று தலைவர் கேட்டார். ப்ரூயிட் எழுந்தார். தன் பெயரைச் சொல்வதற்குப் பதிலாக மகனின் பெயரைச் சொன்னார். "உங்க பேரைச் சொல்லுங்க, விதிப்படி" என்றார் தலைவர். அதற்குள் இர்மா அம்மாள் எழுந்து தன் மகன் பெயரைச் சொன்னார். பிறகு எனக்குத் தெரியாத ஒரு விவசாயி. பிறகு கசாப்புக் கடை ஹார்லி, தன் தம்பியின் பெயரை. அவனுக்கு நான் லத்தீன் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவன் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தம்பி எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வழிமொழிய ஒருவர் போதும் என்று தலைவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. எதிர்த்தவர்களும் நிறையப் பேர். மறுபடி எண்ணச் சொன்னார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் நிறைவேறியது.

முடிந்ததும் செனட்டரின் வக்கீல் கல்லன் என்னைத் தனியே அழைத்துப்போனார். என் பெயரை நினைவு வைத்திருந்தார். தோளில் கை போட்டுக்கொண்டு, "ரொம்ப நல்ல தீர்மானம் சார். அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். செனட்டர் ஜெயித்தால்தான் போர் நிற்கும். இந்த ஒரு வரி அவர் பெயரோடு தாளில் வந்தால், எதிரணிக்காரர்கள் நவம்பர் தேர்தல் வரை இதையே காட்டி அவரைத் தோற்கடிப்பார்கள். அவர் தோற்றால் போரும் நிற்காது, உங்கள் தங்கை மகனும் வரமாட்டான். "அவர் மனசுல இருக்கு சார். மனசுல இருக்கட்டும். பேப்பர்ல வேண்டாம். மாநில மாநாட்டுக்குப் போறதுக்கு முன்னால நீங்களே திரும்ப வாங்கிக்கிட்டா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

மாப்பிள்ளை, அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்திருப்பேன். யோசித்திருந்தால் அவர் பக்கம்தான் போயிருப்பேன், என் சுபாவம் அப்படி. ஆனால் கூடத்தில் இன்னும் ஆட்கள் ஒருவர் பிள்ளையைப் பற்றி இன்னொருவரிடம் விசாரித்துக்கொண்டு நின்றிருந்தார்கள், யாருக்கும் கிளம்ப மனமில்லை. ப்ரூயிட் என் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

முடியாது என்றேன். சத்தமாகச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்று உடனே சந்தேகம் வந்துவிட்டது. கல்லனின் முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

உங்கள் மூவர் உடல்நலத்தையும் நாடும்,
ஓரின்